வெளிச்சம் பார்க்கிற வேலை

என் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது, கொடுத்த காபி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதே மனுஷன் தினமும் காலையில் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து முக்கால் மணி நேரம் பார்ப்பார். அத்தை இன்றைக்கும் இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. நான் சொல்ல வந்தது அத்தை வருவதற்கு முந்தைய கதை. அப்போது மாமா எங்களோடு மாதனூர் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். எனக்கு ஒன்பது வயது.

மாமா என் அம்மாவின் தம்பி. ஊரான் வண்டியெல்லாம் ஓட்டிச் சலித்துப்போய், சொந்தமாக ஒரு பழைய கண்டெய்னர் வண்டி வாங்கியிருந்தார். கப்பலில் ஏற்றுகிற பெரிய பெட்டி இல்லை. லாரியின் முதுகிலேயே நான்கு பக்கமும் மேலேயும் தகரம் அடித்து, பின்னால் இரட்டைக் கதவு வைத்த மூடின வண்டி. ரேஷன் கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் அது நிற்கும். அதற்கு முன்னால் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருவதோடு எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும்.

முதலில் அடியில் எட்டிப் பார்ப்பார், எங்கேயாவது ஆயில் சொட்டியிருக்கிறதா என்று. பிறகு ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். காற்று இறங்கிய டயருக்குச் சத்தம் வேறாம். ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அம்மா அங்கிருந்தே கத்துவாள்: "இன்னாடா, டயருக்கு ஜுரமா? டாக்டராட்டம் தட்டினு கீற?" மாமா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அடுத்தது விளக்கு. நான் வண்டிக்குப் பின்னால் நின்று, அவர் பிரேக்கை மிதிக்கும்போது "எரியுது", இண்டிகேட்டர் போடும்போது "லெஃப்ட்டு எரியுது, ரைட்டு எரியுது" என்று கூவ வேண்டும். அதற்கப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, பலகைத் தரை முழுக்க வெறுங்காலால் தேய்த்து நடப்பார். ஆணி ஒன்று தலை தூக்கியிருந்தாலும் அட்டைப் பெட்டியைக் கிழித்துவிடும். கண்ணுக்குத் தப்பினாலும் காலுக்குத் தப்பாது என்பது அவர் கட்சி. கடைசியாக நான்கு மூலையிலும் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். முன்தினம் வெங்காயம் ஏற்றியிருந்தால் தொலைந்தது. ஃபினாயில் போட்டுக் கழுவி, கதவைத் திறந்துபோட்டுக் காயவைப்பார். "வெங்காய நாத்தத்தோட ஷூ போச்சுன்னா, வெள்ளக்காரன் மோந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவான்" என்பார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் என் வேலை. வெளிச்சம் பார்க்கிற வேலை.

நான் உள்ளே ஏறி நடுவில் நிற்பேன். மாமா இரண்டு கதவையும் சாத்தி, வெளியிலிருந்து கம்பியைத் தள்ளிப் பூட்டுவார். ரப்பர் அழுந்தி மூடினால்தான் சரியாகத் தெரியும். உள்ளே கும்மிருட்டாகிவிடும். கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு மேலே, பக்கத்தில், கதவு இடுக்கில் எல்லாம் பார்க்க வேண்டும். தகரத்தில் ஓட்டை இருந்தால் வெயில் அந்த வழியாக உள்ளே வரும். வெயில் வருகிற இடத்தில் மழையும் வரும். தோலுக்குத் தண்ணீர் ஆகாது. நனைந்த ஷூ விலைபோகாது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"தெரியுதா மருமவளே?" என்று மாமா வெளியே இருந்து கேட்பார்.

"ஒன்னு தெரியுது மாமா. லெஃப்ட்டு பக்கம், மூணாவது பட்டைக்கு மேல."

நான் சொல்கிற இடத்தில் அவர் ஏறிப் பசை வைத்து அடைப்பார். கதவைக் கம்பி போட்டு அழுத்திச் சாத்த என் கைக்கு வலுவில்லை என்பதால்தான் என்னை உள்ளே நிறுத்தினார். ஆனால் என் கண் கூர்மையானது என்பதால் நிறுத்துகிறார் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம் எனக்கு. கூட விளையாடுகிற பிள்ளைகள் உள்ளே ஏறக் கேட்டால், "இது கம்பெனி வேலை, கண்டவங்கல்லாம் ஏறக் கூடாது" என்பேன்.

அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். அங்கே சரக்கு அனுப்புகிற பிரிவின் சூப்பர்வைசரிடம் இரண்டு மாதம் நடையாக நடந்து, தம்பி வண்டிக்கு லோடு கேட்டு வாங்கினாள். மூன்று லோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போய் இறங்க வேண்டும். மூன்றிலும் ஒரு குறையும் வராவிட்டால் நிரந்தரமாக வண்டி ஓடும். மாமாவுக்குச் சொந்த வண்டி நிலைக்குமா, மறுபடி ஊரான் வண்டிக்குப் போக வேண்டுமா என்பது அந்த மூன்று லோடில் இருந்தது. இரண்டு நல்லபடியாகப் போய் இறங்கிவிட்டது.

மூன்றாவது லோடுக்குப் போகிற வழியில் என்னை முன் சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். நான் சும்மா இருந்தேனா? எங்கள் வகுப்பில் ஒருத்தி அப்பாவின் காரில் வந்து இறங்குவாள். இறங்கி ஒரு தரம் எங்களை எல்லாம் பார்ப்பாள் பாருங்கள், வயிறு எரியும். அவளிடம் போய், "நாளைக்கு நான் லாரியில வருவேன், உங்க காரு எங்க டயர் உயரம்கூட இல்ல" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே கேட்டது.

மறுநாள் அம்மா ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் ரிப்பன் கட்டி, பையை மாட்டிக்கொண்டே வண்டிக்குள் ஏறினேன். மாமா கதவைச் சாத்தினார். கண் பழகியதும் பார்த்தேன். எதிரே, முன் மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு வெளிச்சம். கடுகளவு என்று சொல்ல ஆசைதான். ஆனால் கடுகைவிடப் பெரிது, நல்ல துவரம்பருப்பு அளவு இருந்தது. அதிலிருந்து ஒரு கோடு நேராக என் பைமேல் விழுந்தது.

"தெரியுதா மருமவளே?"

நான் கணக்குப் போட்டேன். சொன்னால் மாமா ஏணி கொண்டு வருவார். சுரண்டுவார், பசை வைப்பார், காயட்டும் என்று பீடி பற்றவைத்துக்கொண்டு உட்காருவார். பள்ளிக்கூட மணி அடித்துவிடும். நான் நடந்து போவேன். அவள் பார்ப்பாள்.

"இல்ல மாமா."

"நல்லா பாத்தியா?"

"ஐய, பாத்துட்டேன் மாமா! கதவ தொற, வேகுது."

அன்றைக்கு நான் பள்ளிக்கூட வாசலில் இறங்கிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமா ஹாரனை வேறு இரண்டு தரம் நீளமாக அடித்தார். வாட்ச்மேன் எழுந்து நின்றார். கார்க்காரி எங்கள் டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் மூன்று பீரியடும் நான் தரையில் நடக்கவே இல்லை.

நான்காவது பீரியடில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மாதம், வராமல் என்ன செய்யும்? எங்களுக்குச் சின்னத் தூறல்தான். ஆனால் சென்னைப் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது என்று டீச்சர்கள் வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தத் துவரம்பருப்பு ஞாபகம் வந்தது. அங்கே மழை பெய்தால் அந்த மூலையில் மட்டும் பெய்யக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டினேன். தெரியாத சாமி ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொண்டேன்.

மாமா மறுநாள் சாயந்திரம் திரும்பினார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. முன் மூலையில் அடுக்கியிருந்த பதினோரு பெட்டி நனைந்து, அடியில் இருந்தவை நசுங்கி, துறைமுகத்தில் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பின்னாலேயே அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாடா பண்ணி வெச்ச? ரெண்டு மாசம் அந்தாளு கிட்ட கெஞ்சி வாங்கின லோடுடா! 'உங்க தம்பின்னுதானேம்மா வண்டிய உள்ள உட்டேன்'னு அத்தினி பேரு எதிர்ல கேக்கறான். மிஷின்ல உக்காந்து தல நிமிர முடியல எனக்கு. இனிமே உன் வண்டி கேட்டுக்குள்ளயே வரக் கூடாதாம்."

மாமா வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"தெனம் இவளதானே உள்ள நிக்க வெப்ப? ஏய், நீ இன்னாடி சொன்ன?"

 சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் என்று இன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். பொய். நான் திறக்கவே இல்லை.

"அவள இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார் மாமா. "அவளுக்கு ஸ்கூலுக்கு நேரமாய்டுச்சு. நேத்து நான்தான் உள்ள நின்னு பாத்தேன். சரியா பாக்கல, உட்டுட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. மாமா மறந்துபோய்விட்டார்! ராவும் பகலும் வண்டி ஓட்டி, தூக்கம் கெட்டு, உள்ளே நின்றது யார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது! இப்படி ஒரு ஞாபக மறதியை அவருக்குக் கொடுத்ததற்காகச் சாமிகளுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அம்மா ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. மாமா கணியம்பாடிப் பக்கம் போய்த் தேங்காய்க்கும் காய்கறிக்கும் அலைந்து லோடு பிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக ஏறிய பிறகு வண்டியைக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல ஓடிப்போய்ப் பின்பக்கம் கால் வைத்தேன்.

"நீ ஏறாத. நான் உள்ள போறேன். நீ வெளியருந்து கம்பி போடு."

"என்னால முடியாது மாமா, டைட்டு."

"கிரீஸ் போட்டு வெச்சிகீறேன். தள்ளிப் பாரு, வரும்."

வந்தது. ஒரே தள்ளில் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டிக்கொண்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வேலை பார்த்தவளை வாசலில் நிற்கவைத்துவிட்டார்! ஒருத்தன் வந்து, "இன்னா, உன்ன வேலய உட்டு தூக்கிட்டாங்களா?" என்று கேட்டே விட்டான்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது. "பாப்பா, தொற."

நான் திறக்கவில்லை. கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். வேகட்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். தகரம் கையைச் சுட்டது. உள்ளே எவ்வளவு சூடு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மாமா இரண்டாம் தரம் தட்டவில்லை. கத்தவும் இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் போகவே எனக்குப் பயம் வந்து கம்பியை இழுத்தேன். சட்டை முழுக்க நனைந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார். "ரெண்டு கீது. அந்தப் பசைய எடு" என்றார். அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து, அத்தையிடம் பேச்சுவாக்கில் நானே இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அவருக்குத் தெரியாதா? அன்னிக்கே மெட்ராஸ்ல சரக்க எறக்கிட்டு, தானே உள்ள நின்னு கதவ சாத்தச் சொல்லிப் பாத்தாராமே. நேரா மூஞ்சியில அடிச்சுதாம் வெளிச்சம். 'கொழந்த பாக்காம இருந்திருக்க முடியாது, இன்னாத்துக்கோ சொல்லல'ன்னாரு."

என்னிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பாயில் கவிழ்ந்து படுத்து அழுதேன். நான் பொய் சொன்னது தெரிந்துதான், அந்தக் கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே ஏறினார். நான் பத்தாவது முடிக்கிறவரை அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்துவதற்கு முன்னால், தொறப்பியா என்று ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லை.