சப்தமியில் செத்த நாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். நோட்டை எடுப்பேன், பைரவர் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும். விஷயத்தில் பிழை இருக்காது.

எங்கள் வீடு நூம்பலில். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், எங்கள் வீட்டிலேயே மூன்று ஹஸ்கி நாய்களை வைத்துத் தொழில் செய்தான். பனி நாட்டில் வண்டி இழுக்கிற ஜாதி. அப்பா, அம்மா, மகள் என்று ஒரே குடும்பம். அந்த ஊரில் பனிக்காலம் முழுக்கப் பந்தயம் ஓடுமாம், வெயில் வந்தால் ஓய்வாம். எங்களிடம் தலைகீழ். வெயில் காலம்தான் சீசன். பள்ளிக்கூட லீவு, பிறந்த நாள், கடை திறப்பு என்று ஓயாது. பிளைவுட்டில் ஒரு சறுக்கு வண்டி செய்து, வெளியே தெரியாதபடி அடியில் சின்னச் சக்கரம் வைத்திருந்தான். அதில் பிறந்த நாள் குழந்தையை உட்காரவைத்தால் நாய்கள் மூன்றும் மண்டபத்துக்குள் இழுத்துக்கொண்டு வரும். மெஷின் சோப்பு நுரையைப் பனி மாதிரி ஊதும்.

எனக்கு அப்போது கம்பெனி வேலை போய்விட்டது. நாய்களைக் குளிப்பாட்டுவது, சோறு வைப்பது, பீ அள்ளுவது என் பொறுப்பு. பைரவர் வாகனத்துக்குச் செய்கிற சேவை என்று சொல்லிக்கொண்டேன். தேய்பிறை அஷ்டமி தவறாமல் மிளகு தீபம் ஏற்றுகிறவன் நான். ஆனாலும் அருவருப்பாகத்தான் இருந்தது. நாயின் முடி ரசத்தில் மிதக்கும், விளக்கு எண்ணெயிலும் மிதக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாயில் நுரை தள்ளி மூச்சு வாங்குகிற நாயை, “ஐ, சிரிக்குது பாரு” என்று கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குக் குமட்டும்.

ஒரு சித்திரையில் நாய்கள் இருந்த அறையின் ஏசி கெட்டுப்போனது. மச்சான் வெளியூரில் இருந்தான். தாய் நாய் ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிவைத்துக்கொண்டு இளைத்தபடி கிடந்தது. பிள்ளைகளுக்குச் சூடு பிடித்தால் மொட்டை போட்டுச் சந்தனம் தடவுகிறோமே, இதற்கும் அப்படித்தானே என்று எனக்குத் தோன்றியது. பைரவா என்று வேண்டிக்கொண்டு, டிரிம்மரால் உடம்பு முழுக்க வழித்துவிட்டேன். ஒரு சாக்கு முடி வந்தது. சந்தனமும் தடவினேன். நாய் என் கையை நக்கியது. புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

காற்றாவது வரட்டும் என்று மூன்று நாள் வாசலில் கட்டினேன். முதுகு வெயிலில் சிவந்து கொப்புளம் கட்டிவிட்டது. அன்றைக்குத்தான் மச்சான் வந்தான்.

“இன்னா மாமா பண்ணி வெச்சிகீற? உரிச்ச கோயி மாரி கீது!”

“சூடு தாங்கலடா. மொட்டை போட்டா குளிர்ச்சின்னு...”

“அப்டியே காதும் குத்திகீலாமே! கறிசோறு போட்டு மொய் வாங்கிருப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு மத்த ரெண்டை வெச்சு இழுத்துக்கோ.”

“மூணுன்னு பேசிகினு வந்துகீறேன் மாமா. வுடு, எனக்கு வயி தெரியும்.”

கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்புக்குத் தைப்பார்களே, அந்த வெள்ளைப் பஞ்சுத் துணி வாங்கி வந்தான். துணியின் முதுகுப் பக்கத்தில் சாம்பல் நிறம் அடித்தான். கொப்புளத்தின் மேல் அதைச் சுற்றச் சொன்னான். ஊசி நூல் எடுத்து, நாயின் உடம்பில் சுற்றி, துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தது நான்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாய் அசையாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, குமணன்சாவடியில் ஒரு மண்டபம். உச்சி வெயில் நேரம். ஒருவருக்கும் தெரியவில்லை. “எவ்ளோ சாஃப்ட்டா இருக்கு!” என்று தடவினார்கள். இன்னொரு ரவுண்டு கேட்டார்கள். இரண்டாவது ரவுண்டில் தாய் நாயின் கால் மடங்கியது. “தூக்கம் வந்துருச்சு அதுக்கு” என்று மச்சான் சிரித்தான். படுத்திருந்த நாயின் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால், எச்சில் இலை கொட்டுகிற இடத்துக்குத் தூக்கிப்போய் நூலை அறுத்தேன். புண்ணில் ஒட்டிய துணி வரவில்லை. இழுத்தால் தோலோடு வந்தது. சீழும் சந்தனமும் சோப்பு நுரையும் கலந்த அந்த நாற்றம் இன்றைக்கும் சாமி சந்தனத்தைக் கையில் எடுத்தால் வருகிறது.

டாக்டரிடம் ஓடினோம். “முடிதாங்க அதுக்குக் குடை. குடையைப் பிடுங்கிட்டுக் கம்பளி போத்தியிருக்கீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊசி போட்டும் பலனில்லை. மூன்று மணிக்கு நாய் செத்தது. வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் புதைத்தோம்.

மறுநாள் காலை காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு நிற்கிறேன், எதிர் வீட்டு அம்மா வந்து, “பெரிய நாய் எங்கங்க, காணோம்?” என்று கேட்டார். கையிலிருந்த நேற்றைய தாளில் சப்தமி. சுவரில் அஷ்டமி.

“விடிகாலைல போயிடுச்சும்மா. அஷ்டமி பாருங்க. பைரவர் கூப்பிட்டுக்கிட்டார்.”

அந்த அம்மா கைகூப்பினார். சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது: வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்ட நாய், அஷ்டமி அன்று முக்தி அடைந்தது, பதினோரு பேருக்கு அனுப்பவும் என்று. எனக்கே வந்தது. காலி மனையில் செவ்வரளி மாலை விழுந்தது. நானும் அதைக் கும்பிட்டு நின்றேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

மச்சானுக்குக் குஷி. “பைரவர் ஊட்டு நாய்னு போர்டே வெக்கலாம் மாமா!”

வைத்தும்விட்டான். அப்பா நாய் போன வருஷம் செத்தது. மகள் நாய் மட்டும் தனியாக இழுக்கிறது. இந்தச் சித்திரைக்கும் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். என் பொய்யைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள், குழந்தைக்கு ஆசீர்வாதமாம். போன வாரம் ஏசி மறுபடி நின்றது. “மகளுக்கும் மொட்டை போட்டா பக்தி கூட்டம் வரும் மாமா” என்று மச்சான் விளையாட்டாகச் சொன்னான். அவன் விளையாட்டு எனக்குத் தெரியும். டிரிம்மரைக் கல்லால் உடைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இனி ஊசி எடுக்க மாட்டேன் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த மெசேஜ் உங்களுக்கு வந்திருந்தால், யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள். நல்லபடியாக முடியட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள். துணியைத் தைத்தவன் நான் என்பதை எடுத்துவிடாதீர்கள். பைரவர் கூப்பிடவில்லை. அன்றைக்குச் சப்தமி.