தையல் என்று எழுதிக் கொடுத்தேன்

பழைய ஓட்டுக் கூரையைப் பிரிக்கும்போது எழும் தூசிக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. வௌவால் எச்சமும் எலிக்கூட்டுப் பஞ்சும் பல வருட மழைப் பாசியும் கலந்த அந்த வாசனை எங்கள் டிபன் டப்பாவிலும் பின்னலிலும் கணக்கு நோட்டிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. எழுபதுகளின் கடைசியில், எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாக்க இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பில் இருந்த நாங்கள் பாதாம் மரத்தடியில், முன்னால் கரும்பலகையும் பின்னால் மணல் மேடுமாகப் படித்தோம்.

அந்த வருடம் பள்ளியில் யாரும் யாரையும் நம்பவில்லை. அரசாங்கப் பர்மிட் இருந்தால்தான் சிமெண்ட் கிடைத்த காலம். மூட்டை குறைந்தால் வாட்ச்மேன் மேஸ்திரியைச் சொல்வார், மேஸ்திரி வாட்ச்மேனைச் சொல்வார். கழற்றி வைத்த தேக்கு உத்திரம் யார் வீட்டு மாடிக்குப் போனது என்று டீச்சர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். எங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. புதிய சோதனைக்கூடத்தில் இடம் கம்மி என்பதால், பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் விஞ்ஞானமும் படிக்கிற "பஸ்ட் குரூப்" யார் யாருக்கு என்று முன்பே முடிவு கட்டிவிட்டார்கள் என்பதே அது.

எதிர்காலத் தொழிலைப் பற்றி எங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு தையல் டீச்சரான சரோஜா டீச்சரிடம் இருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடே திரியும் அவர், சனிக்கிழமைகளில் எங்களைத் தபால் ஆபீசுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் கூட்டிப்போனார். ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தேன். அதற்குள் அத்தனை உருண்டைகள் நகரும் என்று யார் கண்டது! என் முறை முடிந்தும் நகராமல் நின்று திட்டு வாங்கினேன். இனி இதுதான் என் வேலை என்று அங்கேயே முடிவு செய்தேன், ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூச்சு விடாதது எங்கள் வீட்டுப் பழக்கம். நான் பஸ்ஸில் வந்து படித்தவள்; கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்களுக்கு வீடும் கொஞ்சம் நிலமும். விளைச்சலில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்டாயமாக விற்க வேண்டிய "லெவி" நெல்லை அளக்க ஆபீசர்கள் களத்துக்கு வருவார்கள் என்று தெரிந்தால், அப்பா பாதி மூட்டைகளை மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் கொடிப் போருக்குள் தள்ளிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "பேப்பரோட வர்றவன்கிட்ட இருக்கறத சொல்லாத, கம்மியா சொல்லு" என்பது அவர் வேதம். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

ஆகவே சரோஜா டீச்சர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, என்ன ஆக ஆசை, எந்தப் பாடத்தில் கெட்டி என்று எழுதச் சொன்னபோது, எனக்கு லெவி ஆபீசர்தான் நினைவுக்கு வந்தார். போதாததற்குப் பக்கத்தில் இருந்த மல்லிகா காதைக் கடித்தாள்: "பஸ்ட் குரூப்னு எழுதுறவங்க பேரைத் தனியா எடுத்து வச்சு, மார்க்கைக் கொறைச்சுடுவாங்களாம்டி." நான் ஆசையை மறைத்தேன். தொழில் என்ற இடத்தில் "தையல்" என்று எழுதினேன். கணக்கில் சுமார் என்றும் எழுதினேன். ஆபீசரை ஏமாற்றிய திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பரீட்சை முடிந்து, பூச்சு காயாத சுவரில் பதினொன்றாம் வகுப்புப் பிரிவுகளின் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயர் தையல் பிரிவில் இருந்தது. அழுதுகொண்டே போய் அப்பாவிடம் சொன்னேன்; எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் ஊரில் இன்னொரு பேச்சு கிளம்பியிருந்தது: சரோஜா டீச்சருக்குத் தையல் மெஷின்கள் வர வேண்டுமானால் ஆள் சேர வேண்டுமாம், அதனால் பஸ்ஸில் வருகிற கிராமத்துப் பெண்களைப் பிடித்துப் போடுகிறார்களாம்.

மறுநாள் அப்பா தலைமையாசிரியை முன்னால் நின்றார். "எம் பொண்ணு கணக்குல தொண்ணூறுக்குக் கீழ எறங்கினதே இல்லீங்க" என்றார். ஆபீஸ் மேஜைக்கு முன்னால் அவர் உள்ளதை உள்ளபடி சொல்லி அன்றுதான் கேட்டேன்.

தலைமையாசிரியை என் தாளைத் தேடி எடுத்தார். "உங்க பொண்ணே எழுதிக் குடுத்ததுங்க இது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயாம்மா எழுதுன?"

"டீச்சர்தான் அப்படி எழுதச் சொன்னாங்கப்பா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. ஓரமாக நின்ற சரோஜா டீச்சர், "நான் எதுவும் சொல்லலைங்க மேடம்" என்றார். பிறகு என்னிடம், "ஏம்மா, நானா சொன்னேன்?" என்றார். நான் அப்பாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். "எங்க ஊரு பொண்ணுங்கன்னா ஊசியத்தான் புடிக்கணுமா?" என்று அப்பா சத்தம் போட, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்க, தலைமையாசிரியை அவசரமாக என் பெயரை அடித்துப் பஸ்ட் குரூப்பில் எழுதினார்.

அப்பா இந்த வெற்றியைக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னார். மறுவருடம் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்திகூடத் தையலில் சேரவில்லை. வழிகாட்டும் பொறுப்பையும் வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். சரோஜா டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ரத்தம் பார்த்தே ஓய்வும் பெற்றேன். அப்பா சாகும்வரை அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னார். நான் ஒருமுறையும் மறுக்கவில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல!

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். பாதாம் மரம் இல்லை. அன்று கட்டிய சோதனைக்கூடத்தையும் இடித்துவிட்டு வேறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தையல் பிரிவு எப்போதோ போய்விட்டது. லெவி என்றால் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. வாசலில் கடை வைத்திருந்த பழைய பியூன் ஒருவரிடம், சரோஜா டீச்சர் எங்கே இருக்கிறார் தெரியுமா என்று கேட்டேன்.

"யாரு, ஏமாத்திப் பொண்ணுங்கள தையல்ல சேத்தாங்களே, அந்த டீச்சரா?" என்றார்.

"இல்லீங்க. அவங்க ஏமாத்தல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். முதல்முறையாகச் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அந்த டீச்சருக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டார்.