நூற்று நாற்பத்து மூன்று பேர்

திடலை ஒரு சுற்று நடக்க எனக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. மனைவி இறந்த பிறகு நான்கு வருடம் அந்த எண் மாறவில்லை. மழை நாளில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போனால் ஏழெட்டு கூடும், அவ்வளவுதான். அங்கே நடக்க வரும் ஓர் அம்மாள் என்னோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தேன், அறுநூற்றுத் தொண்ணூறு வந்தது. கால் தளர்ந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். மருத்துவமனைக்குப் போகக்கூட நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவருக்காக அடியைக் குறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

அவர் முதன்முதலில் என்னிடம் கேட்டது, “எத்தனை சுத்து சார் ஆச்சு?” என்பதுதான். நான்கு வருடத்தில் என்னிடம் யாரும் ஓர் எண்ணைக் கேட்டதில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் பேசுவான், நான்கு நிமிடம். அவன் கேட்பது மாத்திரை சாப்பிட்டாயா என்பது மட்டும்.

நான் சுரங்கத்தில் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். மூன்று ஷிப்டுக்கும் யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவேட்டில் ஏற்றுவது வேலை. பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்கு ‘குறிப்பு’ என்று தலைப்பு. வராதவர் ஏன் வரவில்லை என்பதை அதில் நான்கைந்து சொற்களில் எழுத வேண்டும். தாயார் மரணம். மகள் பிரசவம். குடி. இப்படி எழுதி எழுதியே சுரங்கத்தின் நகரியத்தில் பாதி வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டேன். ஆனாலும் காலையில் பஸ் பிடித்து நகரியத்துக்கு வந்துதான் நடப்பேன். அந்த மரங்களும் தெரிந்த முகங்களும் அங்கேதானே இருக்கின்றன.

அந்த அம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் கான்டிராக்ட் வேலையில் இருந்தவர், இறந்து ஆறு வருடம். இருபத்தோராம் பிளாக்கில் தங்கை குவார்ட்டர்ஸில் பின்னறையில் இருந்தார். ‘தங்கை வீட்டில் இருப்பது’ என்று சொல்லும்போது குரல் இறங்கும். எனக்கு அப்போது அறுபத்தெட்டு. எழுபத்தொரு நாள் சேர்ந்து நடந்தோம். மழையில் விட்டது மூன்று நாள்.

எழுபத்திரண்டாம் நாள், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

“சார், ஒரு உதவி. உங்களுக்கு வேண்டியவங்க பேரையெல்லாம் எழுதித் தாங்களேன். ஒருத்தர் விடாம.”

“எதுக்கும்மா?”

“சொல்றேன். முதல்ல எழுதுங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வடலூர்ல ஒரு மண்டபத்துக்குப் போவோம். எங்க ஆளுங்க எல்லாரையும் நீங்க பார்க்கணும்.”

வேண்டியவர்கள், மண்டபம், எங்க ஆளுங்க. வேறு என்ன நினைக்கத் தோன்றும்? எங்கள் நகரியத்தில் கல்யாணம் என்றால் முதல் வேலை பிளாக் வாரியாகப் பெயர் எழுதுவதுதான். மகன் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் அப்படித்தான் எழுதினோம். இந்த வயதில் இத்தனை பேரைக் கூப்பிடுவதா, கோயிலில் பத்துப் பேரோடு முடித்துக்கொள்ளலாமே என்று ஒரு பக்கம் கூச்சம். ஆனால் அவர் கேட்டுவிட்டாரே.

நான்கு நாள் எழுதினேன். பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண், பெயர், பிளாக், கடைசியில் குறிப்பு. குறிப்பு என்னைக் கேட்டு வரவில்லை, கைப்பழக்கம். பத்திரிகை கொடுக்கப் போகும்போது உதவும் என்றும் தோன்றியது. முதல் ஷிப்ட், மாலையில் போகவும். மகளுக்கு வரன் தேடுகிறார். செட்டில்மென்ட் பணம் வந்துவிட்டது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஐம்பத்தெட்டாவது என் நண்பன், கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஒன்பதாம் பிளாக்கில் மகன் வீட்டில் இருப்பவன். அவனுக்கு நேரே எழுதினேன்: மனைவி இல்லை. மகன், மருமகள் வேலைக்கு. பகலில் தனி. மறுநாள் நடக்கும்போது தாளை அவரிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரை வேட்டி கட்டிக்கொண்டேன். பையில் ஆறு ஆப்பிள், வெற்றிலை பாக்கு, இரண்டு முழம் பூ. மண்டபத்தில் பெண் வீட்டார் என்று சொல்லும்படி யாரும் இல்லை. நாற்காலிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மேடையில் அந்த வெயிலில் டை கட்டிய ஒருவர் மூலிகைச் சாறு பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். ஒருவர் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த இருவர் நால்வரை, நால்வர் எண்மரை என்று பலகையில் எழுதிக்கொண்டே போனார். மனக்கணக்காக நானும் பெருக்கினேன். இருபத்திரண்டாவது படியில் கடலூர் மாவட்டமே போதாது என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த அம்மாள் என்னை மேடைக்கு அருகில் கூட்டிப்போனார். “இவர்தான் சார் நான் சொன்னவர். நூத்தி நாப்பத்தி மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் விவரம் எழுதியிருக்கார்!” டை கட்டியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கும் கைதட்டல்.

“பையில என்ன சார்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“ஒண்ணுமில்ல. ஆப்பிள்.”

ஒன்றை எடுத்து டை கட்டியவருக்குக் கொடுத்தார். பூவையும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையின் வாயை மெதுவாக மூடினார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “நான் தனியா ஒரு ரூம் எடுக்கணும் சார். எனக்கு வேற வழி தெரியல. இதுல எனக்கு மேல இருக்கறவங்க எத்தனை பேர்னு தினமும் கேக்கறாங்க” என்றார்.

அன்றே விலகியிருக்க வேண்டும். நான் சேர்ந்தேன். சாற்றில் நம்பிக்கை வந்து அல்ல. சேராவிட்டால் நாளைக் காலை அவர் வரமாட்டார் என்ற பயம். இருபத்து நான்கு பாட்டில் ஒரு பெட்டியில் வந்தது. முன்னறையில், மனைவி படத்துக்குக் கீழே, வேறு இடம் இல்லாமல் வைத்தேன்.

பிறகு தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் வரும். “இன்னிக்கு எத்தனை பேர் சார்?” அந்தக் கேள்விக்காகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போனேன். பதினேழு வீடு ஏறினேன். முப்பத்தொரு வருடம் என்னைக் கண்டால் எழுந்து நின்றவர்கள், கையில் பாட்டிலைக் கண்டதும் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்கள். ஒரு வீட்டில் செருப்பு வாசலில் கிடக்க, “அவரு வெளிய போயிருக்காருங்க” என்றார் அவர் மனைவி. இன்னொரு வீட்டில் பெரியவர் நேராகவே கேட்டார்: “எம் பொண்ணுக்கு வரன் பாக்கறேன்னு, போன் பண்ணின அந்தப் பொம்பளைக்கு எப்பிடிய்யா தெரியும்? உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்?” பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். யாரும் சேரவில்லை. ‘ஒருத்தரும் இல்லம்மா’ என்று ஆறு மணிக்குச் சொல்வேன். “பரவால்ல சார், நாளைக்குப் பாருங்க” என்பார். அந்த ‘நாளைக்கு’ போதும், தூங்கிவிடுவேன்.

முப்பத்தெட்டாம் நாள் போன் வரவில்லை. நடக்கவும் வரவில்லை. பதினொரு தடவை நான் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திடலைச் சுற்றினேன், எண்ணிக்கை தவறியது. நானூறில் இருக்கிறேனா ஐந்நூறிலா என்று தெரியாமல் நடுவில் நின்ற நாட்கள் உண்டு.

அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் அவரைப் பார்த்தேன். கூட என் நண்பன், ஐம்பத்தெட்டாவது ஆள். தலைக்கு மை அடித்திருந்தான். ஆறடி உயரம், பெல்ட் ஓரமாக எட்டி எட்டி நடந்து பழகியவன். அவன் அடியைக் குறுக்கி நடந்துகொண்டிருந்தான்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒன்பதாம் பிளாக் போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

“வாய்யா டைம் ஆபீஸு! உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன்” என்றான். மேசையில் தாள்கள் பரப்பியிருந்தன. “அந்தம்மா பேருங்கள எழுதச் சொல்லிச்சி. உன்கிட்ட சொல்றதுக்கு என்னா, எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. புள்ள என்னா சொல்லுவானோன்னு வேற கீது.”

“கல்யாணத்துக்குன்னு சொன்னாங்களா?”

“சொல்லணுமா? மண்டபம்னாங்களே!”

தாளைப் பார்த்தேன். நான்கு கட்டம், என் ஸ்கேல் கோடு, மூலையில் என் பேனா கசிந்த புள்ளிகூட இருந்தது. நான் எழுதியதை மறைத்துவிட்டு வெறும் கட்டங்களை அந்த அம்மாள் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், டை, சாறு, முன்னறைப் பெட்டி. உன் பெயரை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் சிறுத்தது. பிறகு சிரித்தான்.

“வயித்தெரிச்சல்யா உனுக்கு. உன்ன உட்டுட்டு எங்கூட நடந்துகினு இருக்காங்கன்னு. உன்ன எனுக்குத் தெரியாதா? முப்பது வருசம் எங்க தலைய எண்ணினவனாச்சே நீ.” தாள்களை அடுக்க ஆரம்பித்தான். “வர்ற ஞாயித்துக்கிழம போறோம். உன்னையும் இட்டாறேன்னு சொல்லிட்டேன். வந்து நீயே கேளு.”

அவனுடைய பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. குறிப்புக் கட்டத்தில் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தான்: தனி ஆள். கூப்ட்டா வருவான்.

அந்தக் குறிப்பில் திருத்த ஒன்றுமில்லை. மண்டபத்தில் அவர் இருப்பார்.

“எத்தனை மணி பஸ்ஸு?” என்று கேட்டேன்.