பள்ளிக்கூடத்துக்கு விழுந்த பாடு

திருமலைக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, வாய் உண்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் நான் வாத்தியாராக இருந்த குப்பத்தில் அவன் சொன்னால் ஊரே தலையாட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அந்த வாய்தான் என் பள்ளிக்கூடத்துக்கு எமனாக வந்தது.

எங்கள் கூரைக் கொட்டகை புயலில் விழுந்துவிட்டது. புதுக் கட்டடத்துக்கு ஊர் பாதி போட்டால் பஞ்சாயத்து யூனியன் மீதியைப் போடும். பொங்கலுக்குள் போடாவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும், என் பிள்ளைகள் முப்பது பேரும் வலை இழுக்கப் போய்விடுவார்கள். ஊர்க்கூட்டத்தில் அரசாங்கச் சுற்றறிக்கையை அரைமணி நேரம் படித்துக் காட்டினேன். மடையன் நான், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

"படிக்கிற பசங்களோட அப்பனுங்க குடுக்கட்டும். நான் ஏன் சார் குடுக்கணும்?" என்றான் திருமலை. தூங்கியவர்களும் விழித்துத் தலையாட்டினார்கள்.

அவன் மனைவி எல்லம்மா பெண்கள் பக்கத்திலிருந்து ஊர்த்தலைவரைப் பார்த்துச் சொன்னாள்: "யாரும் கையிலேர்ந்து குடுக்க வாணாம் நைனா. கோயிலுக்கு உடற மாதிரி ஸ்கூலுக்கும் பாடு உடுங்க."

ஏரியில் மீன் விழும் இடங்களைச் சீட்டுப் போட்டுத்தான் பங்கிடுவார்கள். யார் பேருக்குச் சீட்டு விழுகிறதோ, அன்று அந்த இடத்தில் அவர் மட்டுமே வலை போடலாம், அதுதான் பாடு. கோயில் பேருக்கு ஒரு பாடு விட்டால், அன்று விழும் மீனை விற்ற காசு முழுக்கக் கோயிலுக்கு. கைக்காசு போகாது என்றதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடமா வலை போடும்? அதற்காக யார் போவது என்று இன்னொரு சீட்டு எடுத்தார்கள். திருமலை பேர் வந்தது.

மறுநாள் காலை கரையில் ஒரே கேலி. "ஓசி வேலை. சும்மா வலைய நனைச்சிக்கினு வந்துடுவான் பாரு" என்றான் பக்கத்துப் படகுக்கார மணவாளன்.

"எவன்டா சொன்னது? யாருக்குப் போட்டாலும் என் வலை என் வலைதான்டா!" திருமலை வீட்டுக்கு ஓடிப் புது வலையை எடுத்துவந்தான். மதியம் திரும்பியபோது படகின் விளிம்புவரை இறால். வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்தடுத்த பாடுகளில் அவனை மிஞ்ச ஆளாளுக்குப் போட்டி. பொங்கலுக்கு முன்பே ஊர்ப் பங்கு சேர்ந்துவிட்டது. கட்டடம் எழும்பியபோது ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து மேஸ்திரியின் உயிரை வாங்கினான் திருமலை.

பள்ளி திறந்த பிறகும் விடவில்லை. தினமும் ஜன்னலில் அவன் முகம்தான். "இன்னா சார், மணி ஒம்போதரை ஆவுது, இன்னும் பாடம் நடத்தல? முத்தம்மா பொண்ணு எங்க, வர்லியா?"

யூனியன் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். திருமலையிடமிருந்து எனக்கு ஒருநாள்கூட லீவு கிடைக்கவில்லை.