தொடைக்காத வெத்தலை

அப்பன் பாடை ஏறிய அன்று முத்துமீனா அழவில்லை என்று ஊரே குறை சொன்னது. அவள் எங்கே அழ? மாலையோடு வந்த பேயாண்டி, போட்டோமா போனோமா என்று இருந்திருக்கலாம். வாசலில் நின்று, "பொயல போட்டே செத்தான் மனுசன்" என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா!

அப்பன் மொக்கைச்சாமி வாயில் புகையிலை பட்டதே கிடையாது. கொடிக்காலில் வெத்தலை கிள்ளுகிற கூலிக்காரர். வெறும் வெத்தலையும் சுண்ணாம்பும்தான். கொடிக்காலை ஒட்டிப் பேயாண்டியின் தகரக் கொட்டகை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவான். புகையும் தூசியும் வெத்தலை மேலேதான் இறங்கும். கடைசி வருஷம் மொக்கைச்சாமிக்கு, ஈயம் உடம்பில் ஏறினால் வருகிற மாதிரியே வயிறு முறுக்கியது, மணிக்கட்டு தொங்கிப்போனது. சட்டைப் பித்தானைக்கூட மகள்தான் போட்டுவிட்டாள்.

மகள், வில்லாபுரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் குடுவை கழுவப் போனவள். பார்த்துப் பார்த்தே மெஷின் வேலையும் கற்றுக்கொண்டாள். இலையைக் காயவைத்துப் பொடித்து, ஆசிட்டில் கரைத்துக் கொடுத்தால் ஈயம் எம்புட்டு என்று அது சொல்லிவிடும். கருமாதி முடிந்த மறுநாளே கொடிக்கால் வெத்தலையோடு வேலைக்குப் போனாள். 'உன்னைச் சும்மா விட்டா நான் மொக்கைச்சாமி மகள் இல்லடா' என்று கறுவிக்கொண்டே போனாள்.

வந்த எண்ணை இரண்டு தரம் பார்த்தாள். கொஞ்சந்தான். சட்டத்துக்கு உட்பட்ட அளவு.

பொறுப்பாளர் தமிழ்மாறன் கேட்டார்: "இலையை என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல சார். காம்பும் நுனியும் கிள்ளி, முன்னும் பின்னும் சேலையில தொடைச்சு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடிப்பாவி! வெத்தலையைக் கையில் எடுத்தால் தொடைப்பது ஊர்ப் பழக்கமாச்சே. ஆனால் நாளெல்லாம் கிள்ளுகிறவனுக்கு ஏது நேரம்? அப்பன் கொடியில் கிள்ளி அப்படியே வாயில் போடுவார்.

மறுபடி பறித்து, தொடைக்காமல் கொண்டுவந்தாள். எண் இருபது மடங்கு ஏறி நின்றது. "சிக்குனடா பேயாண்டி!" என்று வாய்விட்டே சொன்னாள்.

மனு கொடுத்தாள். அதிகாரிகள் தாங்களே இலை பறித்துப் போனார்கள். தொடைக்காத இலையில் அவர்களுக்கும் எண் அப்படியேதான் ஏறி நின்றது. கொட்டகைக்குச் சீல் வைக்க வந்த அன்று ஊரே கூடிவிட்டது.

"இவ பேச்சைக் கேட்டு வந்துட்டீகளே! அந்த வெத்தலையில ஒரு மண்ணும் இல்ல" என்று குதித்தான் பேயாண்டி.

முத்துமீனா தட்டை நீட்டினாள். கொட்டகை ஓரத்துக் கொடியில் அப்போதுதான் கிள்ளியது. "அப்பப் போடுங்கண்ணே."

வீம்புக்கு எடுத்தான். வேட்டியில் தொடைத்தான். திருப்பித் தொடைத்தான். வெள்ளை வேட்டியில் கறுப்பாகக் கோடு விழுந்தது. மறுபடியும் தொடைத்தான்.

"தொடைக்காமப் போடுங்கண்ணே" என்று அடுத்த வெத்தலையை எடுத்துக் கொடுத்தாள். "எங்கப்பன் தொடைச்சதே இல்ல."

அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். பேயாண்டி வெத்தலையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

முத்துமீனா தட்டை எடுக்கவில்லை. "பொயல போட்டாத்தானண்ணே மனுசன் சாவான்? வெறும் வெத்தலைக்கு ஏன் பயப்படுறீக?"