தூசி அண்ணன் வீட்டு ஸ்கேனர்

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் மாடிவீட்டு அண்ணன் சட்டையைக் கழற்றி வெளிக்கதவில் மாட்டுகிறார். தூசி பறக்கக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்துகிறார். ஈரத்துணியால் தரையைத் துடைத்து, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் காற்றிலும் இரண்டு பீச்சு பீச்சுகிறார். பிறகு மாடிப்படிக் கைப்பிடியில் குனிந்து, கீழ்வீட்டில் இருக்கும் என்னைக் கூப்பிடுகிறார்: "தம்பி, முக்கால் மணி நேரத்துக்கு வாஷிங் மெஷின் போட்றாதீங்க. இங்க வரைக்கும் அதிருது!"

எங்கள் குடியிருப்பில் அவருக்குத் தூசி அண்ணன் என்று பெயர். வைத்தவன் நான்தான்; அவருக்கும் தெரியும். வயது ஐம்பத்தாறு. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. யார் யாருடைய தாடை அச்சுகளையோ கையில் வைத்துக்கொண்டு, இடது கடைவாய் எது, வலது கடைவாய் எது என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர். விடுமுறை வந்தால் மரப்பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதற்குள் பார்த்தால், எதிரே இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். "கட்டினவளைத் தலைகீழா நிக்க வெச்சுப் பாக்குற ஒரே ஆளு இவர்தான்" என்பார் அண்ணி. தபால் நிலையக் கவுண்டரில் இருப்பவர் அண்ணி. யாரையும் ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடுவார்.

அந்தக் கேமராவின் பிலிம் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. அதைக் கணினிக்குள் கொண்டுவரத்தான் இந்த ஸ்கேனர். ஓர் அச்சகம் கழித்துவிட்டதை வாங்கினார். நான்கு பேர் சேர்ந்து மாடிக்கு ஏற்றினோம். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் இப்போது அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

முதல் வாரம் ஸ்கேன் செய்த படங்களில் எல்லாம் எண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி வண்ண வளையங்கள். தடித்த விளக்கப் புத்தகத்தை இரண்டு முறை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஸ்கேனரின் கண்ணாடியில் ஒரு திரவத்தைத் தடவி, பிலிமை அதன்மேல் படுக்க வைத்து, சின்ன உருளையால் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். மங்கலான பக்கம் கீழே, பளபளப்பான பக்கம் மேலே. மாற்றிப் போட்டால் படத்தில் இடது வலதாகிவிடும். தண்ணீர்த் தொட்டி, பாலம், மேகம் என்று முப்பது பிலிம்களில் கை பழகினார். ஒரே ஒரு பிலிமை மட்டும் தொடவே இல்லை.

அது அண்ணி ஜன்னலோரம் நிற்கிற படம். அந்த வீட்டுச் சுவரில் பாலம் உண்டு, மேகம் உண்டு, அண்ணி கிடையாது. எந்தப் படத்தைக் காட்டினாலும், "இது நான் இல்ல. என் டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு வேற யாரோ நிக்குறா" என்று தள்ளிவிடுவார். கல்யாணப் படமே அலமாரியின் அடித்தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அண்ணனுக்கு அது ஆறாத மனக்குறை. ஆறு மாதம் கெஞ்சித்தான் இந்தப் படத்துக்கு நிற்க வைத்தார். அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. இதுலயும் நான் இல்லன்னா, இனிமே என்னை கேமரா பக்கமே கூப்பிடக் கூடாது. சரியா?" அங்கே சரி என்று தலையாட்டிய அண்ணன், கீழே வந்து என்னிடம் புலம்பினார்.

போன ஞாயிறு காலை அந்தப் பிலிமை எடுத்தார். என்னைத் துணைக்கு உட்கார வைத்து, "மூச்சை மெதுவா விடுங்க தம்பி" என்றார். அவசர அவசரமாகத் திரவத்தைத் தடவி, உருளையால் ஒட்டினார். முதலில் சிறிய அளவில் ஒரு சோதனை ஓட்டம். திரையில் அண்ணி வரிவரியாக இறங்கி வந்தார்: முடி, நெற்றி, கண்கள்.

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றார். திரும்பிப் பார்க்க அண்ணனுக்குத் துணிவில்லை.

"ஏங்க…" அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "இது நான்தாங்க. இத்தனை வருஷத்துல இப்பதான் என்னை ஒழுங்காப் பாத்திருக்கீங்க."

அண்ணன் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் சுருங்கியது. அவர் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது. திரையில் கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில் இருந்தது. அண்ணி எப்போதும் இடது கையில்தான் கட்டுவார். பதற்றத்தில் மங்கலான பக்கத்தை மேலே போட்டு ஒட்டிவிட்டார் மனிதர். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணியைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. ஆயுசு முழுக்க அவர் தன் முகத்தைக் கண்ணாடியில், இடவலம் மாறித்தானே பார்த்திருக்கிறார்! அவருக்குத் தெரிந்த அந்த முகம் இன்றுதான் படத்தில் வந்திருக்கிறது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்ல. தோள்கிட்ட ஒரு குமிழி இருக்கு. எடுத்துத் திரும்ப ஒட்டி, பெரிசா ஓட்டணும்."

"மூஞ்சி மாறிடாதே?"

அண்ணன் நகம் படாமல் பிலிமின் மூலையைத் தூக்கி உரித்தார், துடைத்தார். பழக்கத்தில் கை அதைத் திருப்பியது. பளபளப்பான பக்கம் மேலே வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், காதோர முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து, பேச வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார் அண்ணன். பிலிமை மறுபடி திருப்பி, மங்கலான பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, தோள் பக்கத்திலிருந்து உருளையை மெதுவாக ஓட்டினார்.