சகாயம் அண்ணாச்சியின் பச்சைப் புள்ளி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போகிற ஆள் நான். துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. ஒன்று ஒயர் கழன்றிருக்கும், இல்லையென்றால் நிரலில் தப்பிருக்கும், மூன்றாவது காரணமே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள், சொல்லுங்கள். நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கேம்ப் ரூமில் ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே வைஃபை. யாரோ தூக்கிப்போட்ட பழைய ரவுட்டரில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஏற்றி நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் பக்கத்தைத் திறந்தால் பொடி எழுத்தில் இங்கிலீஷும் எண்களுமாக இருக்கும். நெட் நின்றால் போதும், "எலே தம்பி, இதுல என் போன் எங்கல இருக்கு?" என்று ஆளாளுக்கு உயிரை வாங்குவார்கள். அதனால் அந்தப் பக்கத்தின் தோற்றத்தையே மாற்றி, எங்கள் ரூமுக்கென்று ஒரு தீம் செய்ய உட்கார்ந்தேன். பெரிய தமிழ் எழுத்து, கட்டில் வாரியாக ஆளுக்கொரு வரி. ரிப்ரெஷ் செய்தால் ரவுட்டர் ஒவ்வொரு போனையும் 'இருக்கியா?' என்று கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வந்தால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சாம்பல். அவ்வளவுதான்.

அது ஒரு லீவு நாள் மதியம். ரூமில் நான், காயல்பட்டினம் காசிம் பாய், அப்புறம் நைட் டூட்டி முடித்து மேல் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த சகாயம் அண்ணாச்சி. அவர் தூத்துக்குடிக்காரர், கிரேன் ஓட்டுகிறார், சர்க்கரை வியாதி உண்டு. நைட் டூட்டிக்காரர் கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டால் யாரும் அதை விலக்கக் கூடாது, பேசக்கூடக் கூடாது. எங்கள் கேம்பில் இதுதான் சட்டம். அண்ணாச்சி போனையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார்.

செய்த தீம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தைத் திறந்தால், அண்ணாச்சி வரியில் பச்சைப் புள்ளி! அதுவும் மூன்று தரம் மின்னி அணைந்தது. மின்னுவதற்கு நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, சத்தியமாக. ரிப்ரெஷ் செய்தேன், மறுபடி மூன்று தரம் மின்னி அணைந்தது. நிரலை நோண்டினேன், திருத்தினேன், ரிப்ரெஷ் செய்தேன், அப்போதும் அதே கதை. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இதே வேலை, எரிச்சல் தலைக்கேறிவிட்டது. போன் நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என எழுந்து போர்வையில் கை வைத்தேன்.

"வேணாம் வாப்பா, தூங்குற மனுசன்" என்றார் காசிம் பாய் மெல்ல.

கேட்காமல் விலக்கினேன். அந்த ஏசிக் குளிரிலும் அண்ணாச்சி வேர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். உலுக்கியும் கண் திறக்கவில்லை. போன் தலையணைக்கடியில் அணைந்துதான் கிடந்தது. காசிம் பாய் "யா அல்லாஹ்" என்று அலறிக்கொண்டு செக்யூரிட்டியிடம் ஓடினார், ஆம்புலன்ஸ் வந்தது.

மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்திருக்கிறார், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. டூட்டிக்கு எழுப்பும் நேரம்வரை விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். ஊரில் அவர் மகளுக்கு அப்போது நிறைமாதம். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமலே நான் தினமும் சொல்கிறேன். மாதாவுக்குச் சொல்கிறேன். அந்த மென்பொருளை எழுதிச் சும்மா கொடுத்த முகம் தெரியாத புண்ணியவான்களுக்கும் சொல்கிறேன். ரவுட்டரைக்கூட வாரம் ஒரு தரம் துடைத்து வைக்கிறேன், சிரிக்காதீர்கள்.

நிரலை எத்தனையோ முறை அலசிவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அதைக்கூட விட்டுவிடலாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதைத்தான் விட முடியவில்லை.

"ஏல, அன்னைக்கு எதுக்கு என்னய அத்தன தடவ கூப்பிட்ட? நீ கூப்பிடக் கூப்பிட நானும் 'இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டேதான கெடந்தேன். ஒனக்குக் கேக்கவே இல்லியா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்றேன், வேறென்ன சொல்ல. போர்வையை விலக்கும்வரை அவர் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ரிப்ரெஷ்தான் செய்துகொண்டிருந்தேன்.